மூன்றாவது ஆள் எதற்கு?

கேள்வி: கடல் நடுவே இருந்த பழைய கலங்கரை விளக்கங்களில் எப்போதும் மூன்று காவலர்கள் இருந்தார்களாமே, ஒரு விளக்குக்கு ஏன் மூன்று பேர்?

பதில்: இரண்டு பேர் போதும் என்றுதான் பிரிட்டனிலும் முதலில் நினைத்தார்கள். அந்த எண்ணம் மாறியது ஸ்மால்ஸ் பாறையால். வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷயர் கரையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தள்ளிக் கிடக்கும் பாறைத்திட்டு அது.

அங்கே 1776-ல் விளக்கேற்றியவர் ஹென்றி வைட்சைட். லிவர்பூலில் இசைக்கருவிகள் செய்துவந்தவர். கல் கோபுரம் எழுப்பாமல், ஓக் மரக் கால்களைப் பாறையில் ஊன்றி அவற்றின் மேல் ஒரு சிறிய அறையை வைத்தார். அலை கால்களுக்கு நடுவே புகுந்து போய்விடும் என்பது அவர் கணக்கு. அது பலித்தது, 1861-ல் கல் கோபுரம் வரும்வரை அந்த மரக்கால் விளக்கே எரிந்தது.

1801-ல் அங்கே பணியில் இருந்தவர்கள் தாமஸ் ஹோவெல், தாமஸ் கிரிஃபித். இருவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த செய்தி. கிரிஃபித் திடீரென்று இறந்துபோனார். உடலைக் கடலில் விட்டால் கொன்றுவிட்டதாகப் பழி வரும் என்று ஹோவெல் பயந்தார். பீப்பாய் செய்யும் தொழில் தெரிந்தவர் என்பதால், கிடைத்த பலகைகளில் பெட்டி செய்து, உடலை வைத்து, வெளியே கம்பியோடு சேர்த்துக் கட்டினார். புயல் பெட்டியை உடைத்தது. அந்தப் பிணத்தின் பக்கத்திலேயே அவர் வாரக்கணக்கில் இருந்தார். கடல் கொந்தளிப்பில் எந்தப் படகாலும் பாறையை நெருங்க முடியவில்லை.

அத்தனை நாளும் இரவு தவறாமல் விளக்கை ஏற்றினார். எனக்கு நெஞ்சைப் பிசைவது இந்த இடம்தான். விளக்கு எரிவதைப் பார்த்தவர்கள் அங்கே எல்லாம் நலம் என்றே எண்ணினார்கள். அவருடைய கடமை உணர்ச்சியே அவருக்கு உதவி வராமல் செய்துவிட்டது. கரைக்கு வந்தபோது நண்பர்களுக்கே அடையாளம் தெரியவில்லை என்பார்கள்.

இதைப் பேய்க்கதை போலச் சொல்பவர்கள் உண்டு. அது ஹோவெலுக்குச் செய்யும் அநியாயம். அவருக்கு இல்லாமல் போனது ஒரு சாட்சி. அதன் பிறகே பாறை விளக்கங்களுக்கு மூன்று காவலர்கள் என்ற வழக்கம் வந்தது. ஸ்மால்ஸ் 1987-ல் தானியங்கி ஆகும்வரை அது நீடித்தது.

கேள்வி: இன்றும் எங்காவது காவலர்கள் இருக்கிறார்களா?

பதில்: பிரிட்டனில் இல்லை; கடைசியாக நார்த் ஃபோர்லேண்ட் 1998-ல் தானியங்கி ஆனது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையில் இருக்கிறார்கள். காற்று, அலை, மூடுபனி பார்த்துப் படகுகளுக்கும் கடல் விமானங்களுக்கும் சொல்வது அவர்களுடைய முக்கியமான வேலை. அவர்களை விலக்க 2009-ல் அரசு முயன்றபோது கரையோர மக்கள் எதிர்த்தார்கள். 2010-ல் செனட் குழுவும் அவர்கள் தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. மேகம் மலையில் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று கேட்கும் விமானிக்கு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்ற அந்த மக்களின் கட்சியில்தான் நானும் இருக்கிறேன்.