எல்லா, லாவா?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டின் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விடுகிறோம். ஸ்பெயின்காரர்களும் வருவதால் ஸ்பானிஷ் கற்கிறேன். வீட்டுச் சாமான்களின் பெயர்கள் மனப்பாடம். எது ஆண்பால், எது பெண்பால் என்பதில்தான் குழப்பம். என்ன செய்யலாம்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: பெயரைத் தனியாக மனப்பாடம் செய்ததுதான் கோளாறு. நமக்கு நாற்காலியும் கரண்டியும் அஃறிணை, அத்தோடு விஷயம் முடிந்தது. ஸ்பானிஷில் ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' முன்னால் வரும். 'மேசா' என்று படிக்காமல் 'லாமேசா' என்று ஒரே மூச்சில் படியுங்கள்.

ஓகாரத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால்: தட்டு எல் பிளாத்தோ, டம்ளர் எல் பாசோ. ஆகாரத்தில் முடிந்தால் பெண்பால்: நாற்காலி லா சீயா, கம்பளி லா மான்தா. விதிவிலக்குகளும் உண்டு: கை லா மானோ, சோபா எல் சோஃபா. மற்ற முடிவுகளை நம்ப முடியாது. சாவி லா யாவே, எண்ணெய் எல் அசெய்த்தே. தேன் லா மியெல், மேசைவிரிப்பு எல் மான்தெல். காரணம் தேடாமல் அப்படியே படித்துவிடுங்கள்.

தண்ணீரில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். 'ஆக்வா' பெண்பால். ஆனால் சொல்லின் முதல் 'ஆ'வில் அழுத்தம் விழுவதால், லாவோடு இடிக்காமலிருக்க எல் போடுகிறார்கள். பெயரடை பெண்பாலிலேயே நிற்கும்: குளிர்ந்த தண்ணீர் எல் ஆக்வா ஃப்ரீயா, ஃப்ரீயோ அல்ல. விறகு பிளக்கும் கோடாலியும் இப்படியே: எல் ஆச்சா, பன்மையில் லாஸ் ஆச்சாஸ். தலையணைக்கு இந்தச் சலுகை இல்லை. அழுத்தம் நடுவில் விழுவதால் லா அல்மோஆதாதான்.

பயிற்சிக்கு, ஒரு நேரத்தில் பத்துப் பொருள்களுக்கு மேல் வேண்டாம். சீட்டில் பெயரடையையும் சேர்த்து எழுதி ஒட்டுங்கள்: எல் பிளாத்தோ லிம்பியோ, லா தாசா லிம்பியா, சுத்தமான தட்டு, சுத்தமான கப். பெரிய என்பதற்கான 'கிராந்தே' இருபாலுக்கும் ஒன்றே, அதை வைத்துப் பழகினால் தப்பு வெளியே தெரியாது. உங்கள் ஊர் ஐப்பசி ஈரத்தில் பசைத்தாள் உதிர்ந்துவிடும், செலோடேப் போடுங்கள்.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறோம். ஸ்பெயினில் குழாய்மேல் 'சி' என்றிருந்தால் வெந்நீர், 'காலியென்தே'யின் முதலெழுத்து. பச்சைத் தண்ணீருக்கு 'எஃப்'. உங்கள் குழாயில் ஆங்கில 'கோல்ட்'டுக்கான 'சி' இருந்தால் விருந்தினர் அதைத் திறந்துவிட்டு வெந்நீருக்குக் காத்திருப்பார். சிவப்பு, நீல ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.