களாக்காயும் கறுப்புக் கொட்டையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் குடியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு ஏற்காடு அடிவாரக் கரட்டோரம் நடப்பது வழக்கம். போன மாதம் ஒரு கிலோ களாக்காய் பறித்து ஊறுகாய் போட்டேன். பத்தே நாளில் மேலே பூஞ்சை பிடித்து, காயும் குழைந்துவிட்டது. எத்தனை கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை. எங்கே தவறினேன்?

இன்னொன்று. "பால் வந்தால் விஷம், பறவை கொத்தினால் தின்னலாம்" என்று அத்தை சொல்வார். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தால் போதுமா? வேலியோரம் ஒரு செடியில் காய் காய்ந்து வெடித்துக் கறுப்புக் கொட்டை விழுகிறது. உடைத்தால் வெள்ளைப் பருப்பு, நிலக்கடலை மாதிரி இருக்கிறது என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். அது என்ன? முடவாட்டுக்கால் கிழங்கை நாமே மலையில் எடுக்கலாமா?

செ., சேலம்

அன்புள்ள செ.,

கடைசியில் கேட்ட கொட்டையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது காத்திருக்காது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது காட்டாமணக்கு. ஆடுமாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நட்டது. இலை உள்ளங்கை அகலம், மூன்று முதல் ஐந்து மடலாக லேசாகப் பிளந்திருக்கும். காய் பச்சையிலிருந்து மஞ்சளாகி, பிறகு கருத்துக் காயும். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று விதை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நீளம். பருப்பு ருசியாகத்தான் இருக்கும். ஆபத்தே அந்த ருசிதான். கசந்தால் பிள்ளை துப்பிவிடும், இது கசக்காததால் நாலைந்து தின்ற பிறகுதான் தெரியவரும். தொண்டை எரிச்சல், வயிற்றுவலி, அடக்க முடியாத வாந்தி, பேதி என்று தொடங்கி உடம்பின் நீர் வற்றிப்போகும். யாராவது தின்றுவிட்டால் உப்புநீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கொப்பளிக்கச் செய்து, மிச்சமிருக்கும் கொட்டையையும் ஓர் இலையையும் பையில் போட்டுக்கொண்டு 108-ஐ அழையுங்கள், அல்லது நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன செடி என்று மருத்துவர் உடனே அறிவது சிகிச்சைக்குப் பெரிய உதவி. அந்தப் பையனின் வீட்டுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பருப்புக்கு ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நாட்டு வாதுமை இருக்கிறது. சேலத்தில் பள்ளி வளாகங்களிலும் தெருவோரங்களிலும் நிற்கும் மரம்தான். விழுந்த பழத்தை நன்றாகக் காயவைத்து, கல்லில் நிறுத்தி ஓரமாகத் தட்டினால் உள்ளே விரல்கணு நீளத்தில் பருப்பு.

அத்தை சொன்ன விதிக்கு வருகிறேன். அதன் இரண்டு பாதியும் தவறு. பால் வடிவது விஷத்தின் அடையாளம் என்றால் அத்தி, பலா, சப்போட்டா மூன்றையும் விட்டுவிட வேண்டியிருக்கும். நீங்கள் பறித்த களாவே அரளிக் குடும்பத்துச் செடி, பால் வடிவதுதான், ஆனாலும் பழம் உண்ணத்தக்கது. மறுபக்கம் எட்டியில் பால் கிடையாது. அதன் பழம் சிறிய ஆரஞ்சு அளவில் உருண்டையாக, ஆரஞ்சு நிறத்திலேயே, வழவழவென்று இருக்கும். உள்ளே பொத்தான்போல் தட்டையான விதைகள். அவற்றிலுள்ள நஞ்சு வலிப்பு வரவழைத்துக் கொல்லும். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்ற பழமொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்தப் பழத்தையும் காட்டிவிடுங்கள், தொடாமல். பறவை விஷயத்துக்குக் குயில் ஒன்றே போதும். மஞ்சள் அரளிப் பழத்தை அது தின்கிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அதே அரளி விதை மனிதனின் இதயத் துடிப்பை நிறுத்திவிடும்.

ஆகவே பொதுவிதி எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஓர் ஆண்டுக்கு நாலு செடி போதும். ஒவ்வொன்றையும் இலை, முள், பூ, காய், பழம் என எல்லாப் பருவத்திலும் பார்த்து, பெயர் சொல்லத் தெரிந்த பிறகுதான் வாயில் வைப்பது. எந்தப் பகுதி, எந்தப் பருவத்தில், எப்படிப் பக்குவம் செய்து என்ற மூன்றும் பெயரோடு சேர்ந்தே நினைவில் நிற்க வேண்டும்.

முதல் செடியாகக் களாவையே வைக்கலாம். எதிரெதிராக அமைந்த தடித்த பளபளப்பான இலை, கணுவில் இணையாக வலுவான முள், ஒடித்தால் வெள்ளைப் பால். இந்த மூன்றும் ஒருசேர இருக்க வேண்டும். கள்ளியிலும் முள்ளும் பாலும் உண்டு, ஆனால் தண்டு சதைப்பற்றாக இருக்கும். காரைச் செடியில் எதிரிலையும் முள்ளும் உண்டு, பால் இல்லை. அதன் மஞ்சள் பழமும் தின்னத்தக்கதுதான், குழப்பினாலும் கேடில்லை. களாப் பூ மல்லிகைபோல் வெள்ளையாக, மணமாக இருக்கும். பச்சையாகத் தின்ன நன்கு கறுத்த பழம் மட்டும். செங்காயில் பால் மிச்சமிருக்கும், தொண்டை கரகரக்கும்.

இனி உங்கள் ஊறுகாய். குழைந்ததற்குக் காரணம் காயின் பருவம் என்று நினைக்கிறேன். சிவக்கத் தொடங்கிய காயில் அதைக் கெட்டியாக வைத்திருக்கும் பெக்டின் இளகத் தொடங்கிவிடும். ஊறுகாய்க்கு முழுப்பச்சை, மிஞ்சினால் ஒரு பக்கம் லேசாகச் சிவப்பேறியது. சிவந்ததைத் தனியே எடுத்துச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சுங்கள், வேறெதுவும் போடாமலே ஜாமாக உறையும்.

பூஞ்சைக்குக் காரணம் ஈரம். நறுக்கிய பிறகு கழுவியிருப்பீர்கள். நறுக்கிய காய் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், பாலும் வெளியே வந்து எல்லாவற்றிலும் ஒட்டும். முழுக் காயாகவே காம்பு கிள்ளி, மூன்று தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி நிழலில் அரைநாள் உலர்த்துங்கள். கைக்கும் கத்திக்கும் முதலில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, பிறகு இரண்டாகப் பிளந்து நேராக உப்பில் போடுங்கள். கையில் ஒட்டிய பாலுக்குச் சோப்பு மட்டும் போதாது. எண்ணெய் தேய்த்து இளக்கி, அரப்பு போட்டுக் கழுவினால் போகும்.

ஒரு கிலோ காய்க்குக் கல்லுப்பு 120 கிராம், மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டி. உப்பைக் குறைக்காதீர்கள், பத்து நாளில் கெடும் ஊறுகாய் பலவற்றில் குறை அங்கேதான். பீங்கான் ஜாடியில் மூன்று நாள், தினம் ஒருமுறை காய்ந்த மரக்கரண்டியால் கிளறவும். இரும்பும் அலுமினியமும் வேண்டாம், களாவின் புளிப்பு அரித்துவிடும். நான்காம் நாள் காயை வடித்து ஒருநாள் முழுக்க வெயிலில் காயவைத்து, வடிந்த உப்புநீரையும் பக்கத்திலேயே வெயிலில் வைத்து, மாலையில் இரண்டையும் சேர்க்கவும். மிளகாய்த்தூள் 75 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கடுகு இரண்டு, கொஞ்சம் பெருங்காயம். நல்லெண்ணெய் 300 மில்லி காய்ச்சி, முழுக்க ஆறிய பிறகு ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் ஆவி மூடிக்கடியில் நீராகி, திரும்ப உள்ளே சொட்டும். எண்ணெய் காய்க்கு மேல் ஒரு விரல் அளவு நிற்க வேண்டும். இரண்டு நாளில் காய் குடித்துவிடும், அப்போது பார்த்து இன்னும் ஊற்றவும். பதினைந்து நாளில் ஊறும். இப்போது கையிலிருப்பதை மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட நினைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

முடவாட்டுக்காலை நீங்களே எடுக்க வேண்டாம். அது மண்ணில் விளையும் கிழங்கே அல்ல. பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணியின் தண்டு. பழுப்பு ரோமம் மூடி ஆட்டுக்கால் போலிருக்கும். மெதுவாக வளர்வது. ஒருமுறை முழுதாகப் பிய்த்தால் அந்தப் பாறை பல ஆண்டுகளுக்கு வெறும் பாறைதான். கிளையில் ஒன்றை மட்டும் வெட்டி, நுனி வளரும் மற்றவற்றை விட்டுவைக்கத் தெரிந்தவர்கள் எடுக்க வேண்டியது. சேர்வராயன் மலையில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றிப் போவதும் பறிப்பதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காப்பித் தோட்டங்களோ தனியார் நிலம். சிறு வன மகசூல் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகள் உள்ளிட்ட காடுவாழ் மக்களுக்குத் தந்திருக்கிறது. ஏற்காட்டுச் சாலையோரம் கூறு கட்டி விற்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். ரோமத்தைச் சீவி, உள்ளிருக்கும் வெளிர்பச்சைச் சதையை நறுக்கி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டோடு அரைத்துக் கொதிக்கவைத்தால் சூப். மூட்டுவலிக்கு நல்லது என்பார்கள். குடியுங்கள், ஆனால் அதை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் பறிப்பது காட்டுக்கு வெளியே, உரியவரைக் கேட்டு, வேலியோரம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: புல் மட்டும் ஒரு பட்டையாக மஞ்சளாகிக் கருகியிருந்தால் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள், அந்த வரிசையில் எதையும் தொடக்கூடாது.

ஆவணியில் களா கறுத்திருக்கும். அப்போது ஒரு கைப்பிடிப் பழத்தைப் பிசைந்து, விதையை அலசி, காயவைத்துச் சேமிக்காமல் அந்த வாரமே பையில் ஊன்றுங்கள். பழைய விதை முளைக்காது. ஓர் அடி உயரம் வந்ததும் மூன்றடிக்கு ஒன்றாக உங்கள் வேலியிலேயே நடலாம். மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும்.