லேபிளில் 'மோர்கோன்' என்று மட்டும் இருந்தால் அது என்ன ஒயின்?

கேள்வி: பாரிஸ் பக்கத்தில் வசிக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் ஊருக்குப் போய்வந்தபோது ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொடுத்தார். லேபிளில் 'மோர்கோன் 2021' என்று இருக்கிறது. என்ன திராட்சை என்று எங்கும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரையே மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறேன். இதை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? என்ன சமைக்கலாம்? காரமாக ஆட்டுக்கறி வறுவல் செய்ய நினைத்தேன்.

பதில்: உங்கள் கையில் இருப்பது போஜோலே. லேபிளில் அந்தப் பெயர் பெரிதாக இல்லாததற்குக் காரணம் உண்டு. லியோன் நகருக்கு வடக்கே உள்ள போஜோலே வட்டாரத்தில் 10 இடங்களின் ஒயினுக்குத் தனி மதிப்பு. ஃப்ளூரி, மூலான்-ஆ-வான், ப்ரூயி, மோர்கோன் எல்லாம் அந்தப் பத்தில் சேர்ந்தவை. இவற்றின் லேபிளில் இடத்தின் பெயர்தான் முன்னால் நிற்கும். திராட்சையைப் போடாததும் பிரான்ஸில் சகஜம்தான். இடத்தைச் சொன்னாலே திராட்சையையும் சொன்ன மாதிரி. இங்கே அது கமே.

இந்தக் கமே ஒரு காலத்தில் விரட்டப்பட்ட செடி. 1395-ல் பர்கண்டியின் பிரபு பிலிப், அது நம்பத்தகாத செடி என்று சொல்லி, தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறிய உத்தரவிட்டார். சற்றுத் தெற்கே, போஜோலேயின் கருங்கல் மண்ணில் அது நன்றாக வேர் பிடித்துக்கொண்டது.

போஜோலே என்றதும் பலருக்கு நவம்பர் மூன்றாம் வியாழனன்று வெளிவரும் 'நூவோ' ஞாபகம் வரும். அறுவடை முடிந்து சில வாரங்களிலேயே குடிக்கிற, வாழைப்பழ வாசம் அடிக்கிற ஒயின் அது. அந்தப் பத்து இடங்களின் திராட்சையில் நூவோ செய்ய அனுமதி இல்லை. ஆனால் செய்முறையில் இரண்டுக்கும் உறவு உண்டு. திராட்சையை நசுக்காமல் குலைகுலையாகத் தொட்டியில் போடுவார்கள். அடியில் இருப்பவை மேல்பாரத்தில் நசுங்கிப் புளிக்கும்; அப்போது கிளம்பும் கரியமில வாயுவுக்குள், மேலே இருக்கும் பழங்கள் தோல் கிழியாமலே உள்ளுக்குள் நொதிக்கத் தொடங்கும். நிறமும் பழ வாசமும் வந்துவிடும், துவர்ப்பு மட்டும் அதிகம் இறங்காது. கடுந்தேநீர் குடித்தால் நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்பு.

இந்தப் பத்தில் மோர்கோன் கொஞ்சம் கனமானது. வில்லியே-மோர்கோன் ஊரை ஒட்டிய 'கோத் து பி' குன்றில் பாறை உதிர்ந்து மண்ணாகியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் அதை 'அழுகிய பாறை' என்பார்கள். சில வருடம் கிடந்த பிறகு செர்ரிப் பழ வாசத்தோடு பர்கண்டி ஒயின் போல மாறுவதற்கென்றே 'மோர்கோனே' என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரே வினைச்சொல்லாவது எல்லா ஊருக்கும் கிடைக்கிற பாக்கியமா! 2021 பனியடித்த, குளிர்ந்த ஆண்டு. ஒயின்கள் சற்று மெலிதாகவே வந்தன. இன்னும் காத்திருக்க வேண்டாம், திறந்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். 13, 14 டிகிரி சரியாக இருக்கும். 'சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி' என்ற விதி, ஹீட்டர் வராத காலத்துக் குளிர்ந்த அறைகளுக்கானது. ஒரு ஜூலை மாதம் அந்த விதியை நம்பி வெதுவெதுப்பாக ஊற்றிக்கொடுத்தேன். பழ வாசம் போய் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறியது.

சாப்பாட்டுக்கு வருவோம். லியோனில் ஓடுவது ரோன், சோன், போஜோலே என்று மூன்று ஆறுகள் எனக் கிண்டலாகச் சொல்வார்கள். அங்குள்ள 'பூஷோன்' என்னும் சிறு உணவகங்களில், அடி தடித்த 46 சென்டிலிட்டர் பாட்டிலில் இந்த ஒயின் மேசைக்கு வரும். கூடவே உலர்ந்த பன்றி இறைச்சித் துண்டுகள், இறைச்சியை அரைத்துச் செய்யும் பாத்தே, சாசேஜ். கொழுப்பும் உப்பும் சேர்ந்த இந்த வகைக்கு இதைவிடப் பொருத்தமான சிவப்பு ஒயின் இல்லை என்பது என் கட்சி. பன்றி வேண்டாமென்றால் முழுக்கோழியை வெண்ணெய் தடவி ஓவனில் சுட்டெடுங்கள். கோழிக்குப் பேர்போன பிரெஸ், சோன் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். காளான் சேர்த்தால் இன்னும் நல்லது. கடைசியில் மென்மையான சேன்-மார்சலேன் பாலாடைக்கட்டி வையுங்கள்.

வறுவல் விஷயம்: மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பும் சேர்ந்தால் வாய் காய்ந்துவிடும். துவர்ப்பு குறைந்த மோர்கோன், குளிர்ச்சியாக இருந்தால், ஓரளவு தாங்கும், துவர்ப்பு மிகுந்த போர்தோ ஒயின் தாங்காது. வறுவலைத்தான் செய்வேன் என்றால் மிளகாயைப் பாதியாக்கி மிளகைக் கொஞ்சம் கூட்டுங்கள். புளிக்குழம்பை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மீந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும். மறுநாள் எடுத்தவுடன் ஊற்றாமல் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் குடியுங்கள்.