மான்செஸ்டர் பஸ்: 80 பவுண்டு பாஸ் வாங்கலாமா?

கேள்வி: மான்செஸ்டரில் முதுகலை படிக்க வந்து மூன்று வாரம் ஆகிறது. அறை ஃபாலோஃபீல்டில். வாரத்தில் நான்கு நாள் ஆக்ஸ்ஃபோர்ட் ரோட்டில் வகுப்பு, சனிக்கிழமை நகர மையத்தில் பகுதிநேர வேலை. 28 நாள் பாஸ் 80 பவுண்டு, வாங்கிவிடு என்கிறாள் அறைத்தோழி. எந்தக் கம்பெனி பஸ் என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்கிறார் முன்பு இங்கே படித்த அண்ணன் ஒருவர். நான் இதுவரை போனையோ வங்கி அட்டையையோ தட்டித்தான் ஏறுகிறேன். ஒரு நாளைக்கு 5 பவுண்டுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்றார்கள். ஆனால் போன செவ்வாய் நான்கு தடவை ஏறியதற்கு 8 பவுண்டு போயிருக்கிறது!

பதில்: முதலில் அந்த 8 பவுண்டு. காலையில் போன், மாலையில் அட்டை என்று தட்டியிருப்பீர்கள். இரண்டும் ஒரே வங்கிக் கணக்குதான், ஆனால் பஸ்ஸில் இருக்கும் கருவிக்கு அவை இரண்டு வேறு பயணிகள். பயணத்துக்கு 2 பவுண்டு வீதம் ஆளுக்கு இரண்டு பயணம், அதாவது ஆளுக்கு 4 பவுண்டு. யாரும் உச்சவரம்பைத் தொடவில்லை. போன் என்றால் போன், அட்டை என்றால் அட்டை. வாரம் முழுக்க ஒன்றையே தட்டுங்கள். கூட வரும் தோழிக்கும் சேர்த்து உங்கள் அட்டையையே தட்டவும் முடியாது.

அண்ணன் சொல்வது அவர் காலத்துக்குச் சரி. 1986-இல் லண்டனுக்கு வெளியே பஸ் தொழிலைத் தனியார் போட்டிக்குத் திறந்துவிட்ட பிறகு, ஒரு கம்பெனியின் டிக்கெட் அடுத்த கம்பெனியின் பஸ்ஸில் செல்லாது என்ற நிலைதான் இருந்தது. எல்லாவற்றிலும் செல்லும் டிக்கெட் கூடுதல் விலை. 2023 செப்டம்பரில் போல்டன், விகன் பக்கம் தொடங்கி, 2025 ஜனவரி 5-இல் நீங்கள் இருக்கும் தெற்கு மான்செஸ்டர் வரை எல்லாம் பொது அமைப்பின் கைக்கு வந்துவிட்டன. அதுதான் மஞ்சள் நிற பீ நெட்வொர்க் (Bee Network); பீ என்றால் தேனீ, அது அந்த ஊரின் சின்னம். ஸ்டேஜ்கோச், மெட்ரோலைன் போன்ற கம்பெனிகள் இன்னும் ஓட்டுகின்றன, ஆனால் ஒப்பந்தத்துக்கு. கட்டணத்தை முடிவு செய்வது அவர்கள் இல்லை.

சரி, பாஸுக்கு வருவோம். 2025 கட்டணப்படி ஒரு பயணம் 2 பவுண்டு, நாள் வரம்பு 5, வார வரம்பு 20. முதல் பஸ்ஸில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினாலும் அதே 2 பவுண்டுதான். நீங்கள் ஐந்து நாள் போய் வந்தால் 20. நான்கு வாரத்துக்கு 80. பாஸும் 80! ஒரு பென்னிகூட மிச்சமில்லை. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாலோ கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தாலோ பாஸ் வாங்கியவருக்குத்தான் நஷ்டம். தட்டி ஏறுகிறவர் ஏறியதற்கு மட்டும் கொடுப்பார். கடன் வாங்கிக் கட்டணம் கட்டிப் படிக்கிறவர் 80 பவுண்டை முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுப்பானேன்?

800 பவுண்டுக்கு ஆண்டு பாஸ் உண்டு. வாரம் 20 வீதம் 40 வாரமாவது போனால்தான் அது கட்டுப்படியாகும். கோடையில் ஊருக்குப் போகிற மாணவிக்கு அது தோதுப்படாது.

ஒன்று கவனியுங்கள்: வார வரம்பின் கணக்கு திங்கள் முதல் ஞாயிறு வரை. அப்புறம், இந்திய வங்கி அட்டையைத் தட்டினால் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கலாம். அங்கே கணக்கு திறந்ததும் அந்த அட்டைக்கு மாறிவிடுங்கள், ஆனால் ஒரு திங்கட்கிழமை காலையில் மாறுங்கள்.