நூறு சிட்-அப் எடுத்தும் தொப்பை அசையவில்லை, இடுப்புதான் பிடித்துக்கொண்டது

கேள்வி: எனக்கு வயது 42. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. முதுகுக்கு நல்லது, வயிற்றுத் தசையைப் பலப்படுத்துங்கள் என்று டாக்டர் சொன்னதால் மூன்று மாதமாகக் காலையில் எழுந்ததும் 100 சிட்-அப் எடுக்கிறேன். தொப்பை அப்படியே இருக்கிறது. முன்பு இல்லாத இடுப்புப் பிடிப்பு வந்துவிட்டது. ஜிம் டிரெய்னர் எண்ணிக்கையை 200 ஆக்கச் சொல்கிறார். வயிற்றில் கட்டும் மின்அதிர்வு பெல்ட் ஒன்றையும் அவர் மூலமாகவே வாங்கச் சொல்ல, முன்பணம் கொடுத்திருக்கிறேன். எந்தப் பயிற்சிதான் பலன் தரும்? குழந்தைக்கு நான்கு மாதம் ஆகிவிட்டதால் மனைவியும் இப்போது என்னோடு சேர்ந்து செய்கிறார்.

பதில்: 200 வேண்டாம், 100-ம் வேண்டாம். நாளைக் காலையிலிருந்து சிட்-அப்பை நிறுத்துங்கள். உங்கள் மனைவி இன்றைக்கே நிறுத்தட்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தசை பலப்படுவது ஒரு வேலை, கொழுப்பு கரைவது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. 1984-ல் வெளியான ஓர் ஆய்வில் 13 ஆண்களை 27 நாட்களில் ஆளுக்கு 5,004 சிட்-அப் எடுக்க வைத்தார்கள். பிறகு வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடங்களிலும் கொழுப்புச் செல்களை எடுத்து அளந்து பார்த்தார்கள். மற்ற இடங்களைவிட வயிற்றில் அதிகமாக எதுவும் குறையவில்லை. எந்த இடத்துத் தசை வேலை செய்கிறதோ அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் உடம்பு எடுத்துச் செலவழிப்பதில்லை. தொப்பைக்கு வழி சாப்பாட்டு அளவும், வாரம் 150 நிமிடமாவது மூச்சு வாங்க நடப்பதும்தான். அதை இதோடு விட்டுவிடுகிறேன், நீங்கள் கேட்டது தசையைப் பற்றி.

இடுப்பு ஏன் பிடித்தது? ஒருமுறை மட்டும் சோதித்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து, பாதத்தைக் கட்டிலுக்கு அடியில் செருகி, தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் விரல்களை வைத்துக்கொண்டு மெல்ல எழும்ப முயலுங்கள். விரலுக்கு அடியில் கயிறு போல ஒன்று விறைக்கும். தொடையைத் தூக்கும் தசைகள் அவை. சிட்-அப்பில் பாதி வழிக்கு மேல் உங்களைத் தூக்கிவிடுவது வயிறு அல்ல, அவைதான். அவற்றில் முக்கியமான ஒன்று முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்தே கிளம்புகிறது. ஆகவே ஒவ்வொரு முறை எழும்போதும் முதுகெலும்பையும் சேர்த்து இழுக்கிறீர்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியல் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் அளந்த கணக்குப்படி, ஒரு சிட்-அப்பில் கீழ்முதுகின் மேல் விழும் அழுத்தம் சுமார் 3,300 நியூட்டன், அதாவது 330 கிலோவுக்கு மேல். அதை நூறு முறை செய்கிறீர்கள். அதுவும் எழுந்தவுடன். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் முதுகை வளைப்பதுபோலக் கெட்ட நேரம் வேறில்லை.

அமெரிக்க ராணுவம் 1980 முதல் தன் உடற்தகுதித் தேர்வில் இரண்டு நிமிட சிட்-அப்பை வைத்திருந்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த புதிய தேர்வில் அந்த இடத்துக்குப் பிளாங்க் வந்துவிட்டது, அதாவது முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராகப் பிடித்து நிற்பது. ஒரு ராணுவமே மாறிவிட்டது. பள்ளி உடற்பயிற்சி வகுப்பில் மட்டும் இன்னும் விசிலை ஊதி, நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் டாக்டரையும் சும்மா விடுவதற்கில்லை. "வயிற்றுத் தசையைப் பலப்படுத்துங்கள்" என்று ஐந்து விநாடியில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். எப்படி என்று யார் சொல்வது? அந்த இடைவெளியில்தான் பெல்ட் விற்பவர் நுழைகிறார்.

வயிற்றுத் தசைகளின் அன்றாட வேலை உடம்பை மடக்குவதல்ல, நடுவுடல் தேவையில்லாமல் மடங்காமலும் முறுக்காமலும் பிடித்து நிறுத்துவது. பயிற்சியும் அதைத்தான் செய்ய வேண்டும். விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் விரல்களை வைத்துக்கொண்டு ஒரு முறை இருமுங்கள். விரலை வெளியே தள்ளும் அந்த இறுக்கம் இருக்கிறதே, அதில் கால்பங்கை மூச்சை அடக்காமல் பிடித்து வைக்கப் பழகுங்கள். இது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு மூன்று பயிற்சிகள் போதும். மெக்கில் முதுகுவலிக்காரர்களுக்காகப் பரிந்துரைத்தவை இவை. முதலாவது, பாதி எழும்பல். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் குழிவுக்கு அடியில் வையுங்கள். தலையையும் தோளையும் ஒன்றாகத் தூக்குங்கள். தலைமுடிக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால் போதும். "இவ்வளவுதானா?" என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பத்து விநாடி பிடித்த பிறகு யாரும் கேட்பதில்லை. இரண்டாவது, பக்கவாட்டு பிளாங்க். முழங்கை தோளுக்கு நேர் கீழே இருக்க, முழங்காலை மடக்கிய நிலையிலேயே இடுப்பைத் தூக்குங்கள். மூன்றாவது, மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டுவது, பிறகு மாற்றிச் செய்வது. முதுகில் ஒரு தம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், சிந்தக்கூடாது.

ஒவ்வொன்றையும் பத்துப் பத்து விநாடியாக, முதலில் ஆறு முறை, சற்று ஓய்வெடுத்து நான்கு, பிறகு இரண்டு. எல்லாம் சேர்ந்து கால்மணி நேரம்தான் ஆகும். எழுந்து ஒரு மணி நேரமாவது கழித்துச் செய்யுங்கள். சில வாரம் போய் எளிதாகிவிட்டால் எண்ணிக்கையை ஏற்றாதீர்கள், நிலையைக் கடினமாக்குங்கள். பக்கவாட்டு பிளாங்கைக் கால் நீட்டிச் செய்யலாம். ஒரு கையில் மட்டும் எடையைத் தூக்கிக்கொண்டு, உடம்பு சாயாமல் நடக்கலாம். இடுப்பு தொய்ந்துபோய் நான்கு நிமிடம் பிளாங்கில் தொங்குவதைவிட, விறைப்பாக இருபது விநாடி நிற்பது மேல். வலி காலில் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, எதையும் செய்யாமல் மருத்துவரிடம் போங்கள்.

அந்த பெல்ட். மின்தூண்டல் என்பது பொய்யான வித்தை அல்ல. அறுவை சிகிச்சைக்குப் பின் சோர்ந்துபோன தொடைத் தசைக்கு நாங்களே பயன்படுத்துகிறோம். ஆனால் உட்கார்ந்தபடியே தொப்பை கரையும், வயிறு கட்டுக்கட்டாகும் என்பது புளுகு. 2002-லேயே அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இப்படி விளம்பரம் செய்த மூன்று பெல்ட்களின் விற்பனையாளர்கள் மேல் வழக்குப் போட்டது. இருபது வருடத்துக்கு மேலாகியும் அதே பெல்ட், அதே மாடல் படம். வயிறு எத்தனை கட்டாகத் தெரியும் என்பது பிறவியிலேயே அமைந்த தசைநார்க் குறுக்குப் பட்டைகளைப் பொறுத்தது, யாரும் கூட்டிக் கொடுக்க முடியாது. ஒரு டிரெய்னர் பொருளை விற்க ஆரம்பித்தால், "இந்தப் பயிற்சி எந்தத் தசைக்கு, எப்போது நிறுத்தணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் ஆளை மாற்றுங்கள்.

இனி, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரி. எனக்கு உங்கள் இடுப்பைவிட அதுதான் கவலை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் வயிற்றின் நடுக்கோடு அகன்று, இரண்டு பக்கத் தசையும் விலகி நிற்கும். பிரசவத்துக்குப் பின் முதல் எட்டு வாரத்தில் பெருமளவு தானாகவே நெருங்கும். பிறகு வேகம் குறைந்துவிடும். சிலருக்கு மிச்சம் இருக்கும். அவர் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளின் மேல் விரல்நுனிகளைக் கீழ்நோக்கி அழுத்தி வைத்துத் தலையை மெல்லத் தூக்கட்டும். இரண்டு ஓரங்களுக்கு நடுவே இரண்டு விரலுக்கு மேல் இறங்கினாலோ, நடுவயிறு கூரை முகடு போலப் புடைத்தாலோ, இடைவெளி இன்னும் இருக்கிறது. தொப்புளுக்குச் சற்று மேலும் கீழும் இதேபோல் பார்க்க வேண்டும். சிசேரியன் என்றாலும் இந்த விலகல் உண்டு, தையலும் சேர்ந்துகொள்ளும்.

இடைவெளி இருந்தால் சிட்-அப் மட்டுமல்ல, நான் மேலே சொன்ன பாதி எழும்பலும் அவருக்கு இப்போது வேண்டாம். முகடு எழும்புகிற எந்தப் பயிற்சியும் வேண்டாம். மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை உள்ளே இழுப்பதும், கூடவே சிறுநீரை அடக்குவதுபோல இடுப்புத்தளத் தசையைச் சுருக்குவதும்தான் தொடக்கம். பிறகு படுத்தபடி குதிகாலை ஒவ்வொன்றாகத் தரையோடு நகர்த்தலாம். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழட்டும். இறுக்கக் கட்டும் உறைகள் பிடிமானம் தரும், தசையை வளர்க்காது. இருமும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்படாமல், இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டைப் பார்க்கட்டும். பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனையில் குழந்தையின் எடையைக் கிராம் கணக்கில் எழுதுகிறோம். தாயின் வயிற்றில் இரண்டு விரல் வைத்துப் பார்க்க அரை நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை.

முன்பணத்தை இன்றே திரும்பக் கேளுங்கள்.