பழைய வேக்குவம் கிளீனர்கள்: சீரமைப்பும் பாதுகாப்பும் (கேள்வி பதில்)

கோயம்புத்தூரிலிருந்து: தாத்தா வாங்கிய, நீள உருளை வடிவ எலக்ட்ரோலக்ஸ் ஒன்று பரணில் கிடைத்தது. ஓடுகிறதா என்று பார்க்கலாமா?

பிளக்கை இப்போதைக்குச் செருகாதீர்கள். பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த இயந்திரத்தில் மோட்டார் பழுதாகியிருப்பதைவிட மின்காப்பு கெட்டிருப்பதுதான் பெரிய ஆபத்து. எலக்ட்ரோலக்ஸ் 1921-இல் தரையில் சறுக்குக் கட்டைகள் மீது இழுத்துச் செல்லும் மாடலை வெளியிட்டபோதே உடல் உலோகமாகத்தான் இருந்தது. அதன் பின் வந்த பல மாடல்களிலும் அப்படியே. அக்காலத்து ரப்பர் உறை நாளடைவில் காய்ந்து, வளைத்தால் பொடியாக உதிரும். உதிர்ந்த இடத்தில் செம்புக் கம்பி உலோக உடலைத் தொட்டால், இயந்திரம் ஒழுங்காக ஓடிக்கொண்டே உங்கள் கைக்கு மின்சாரம் தரும்.

முதலில் உடலைத் திறந்து, வயர் உள்ளே நுழையும் இடத்தையும் சுவிட்சின் பின்புறத்தையும் கண்ணால் பாருங்கள். பின்பு மோட்டார் வைண்டிங் செய்யும் கடைக்கு எடுத்துச் சென்று, மின்காப்பை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெக்கர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பிளக்கின் இரண்டு பின்களையும் சேர்த்து ஒரு முனையிலும், உலோக உடலை மறு முனையிலும் இணைக்க வேண்டும். இயந்திரத்தின் சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயரை மட்டுமே சோதித்து, மோட்டாரும் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். அளவு 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அத்துடன் நிறுத்துங்கள். ஈரத்தால் குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரையும், அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயிலையும் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் சோதிக்கலாம். அப்போதும் ஏறவில்லையென்றால் கம்பியைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங்தான் வழி. ஓட்டுவதானால் பழைய வயரையும் மாற்றுங்கள்.

மதுரையிலிருந்து: 1950-களின் ஹூவர் இருக்கிறது. என்ன விலைக்குப் போகும்?

விலை கூறுவது என் வேலையன்று.

திருச்சியிலிருந்து: அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த 120 வோல்ட் இயந்திரத்தை இங்கே ஓட்ட முடியுமா? 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது.

ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். இவற்றில் பெரும்பாலும் இருப்பது யுனிவர்சல் மோட்டார். அது நேர்மின்சாரத்திலும் ஓடும். வோல்ட்தான் பிரச்சினை. இயந்திரத்தின் வாட்டைக் காட்டிலும் தாராளமான, தொடர்ந்து சுமை தாங்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். மின்விசிறி ரெகுலேட்டரையோ விளக்கு டிம்மரையோ வைத்து வோல்ட்டைக் குறைக்க எண்ணாதீர்கள்.

சேலத்திலிருந்து: மோட்டாருக்குள் நீல நிறத் தீப்பொறி வளையமாகத் தெரிகிறது.

ஆர்மேச்சருக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷின் அடியில் சிறு பொறி தெரிவது இயல்பு. பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாகத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், செம்புப் பட்டைகள் கறுத்திருக்கலாம், அவற்றுக்கு இடையில் மின்காப்பாக உள்ள மைக்கா மேலெழுந்து பிரஷை உதைத்துத் தள்ளலாம், அல்லது ஆர்மேச்சரின் ஒரு சுற்று அறுந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு அடையாளம் உண்டு: பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டு பட்டைகள் மட்டும் கருகியிருக்கும். கறுத்த செம்பை மிக நைஸான உப்புத்தாளால் தேய்க்கலாம். எமரித் தாளின் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடும் என்பதால் அது கூடவே கூடாது. புதிய பிரஷின் முனையைக் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்த்துப் பொருத்தி, சற்று நேரம் குறைந்த வோல்ட்டில் ஓடவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: ஒரே ஒரு நொடி செருகிப் பார்த்தால் என்ன ஆகிவிடும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

டொராண்டோவிலிருந்து: துணி சுற்றிய அசல் வயரை மாற்றச் சொல்கிறீர்கள். பாதி வரலாறு அதில்தான் இருக்கிறது. வயரை மாற்றிய இயந்திரத்தைச் சேகரிப்பாளர் யாரும் மதிப்பதில்லை.

காட்சிக்கு வைப்பதென்றால் அசல் வயரைத் தொடவே வேண்டாம். யாரும் தெரியாமல் செருகிவிடாதபடி பிளக்கின் மேல் ஒரு மூடியைக் கட்டிவையுங்கள். ஓட்டுவதென்றால் புதிய வயர் போட்டே ஆக வேண்டும். கழற்றிய பழைய வயரை, எந்த இயந்திரத்துடையது என்று எழுதிய சீட்டுடன் பத்திரப்படுத்தினால் வரலாறு எங்கும் போய்விடாது.

மீண்டும் டொராண்டோ: நீங்கள் மூன்று கோர் வயர் போட்டு எர்த் கொடுக்கச் சொல்வீர்கள். அதற்கு உடலில் ஓட்டை போட வேண்டும். அது சிதைப்பு.

ஓட்டை எதற்கு? மோட்டாரை உடலுடன் பிணைக்கும் திருகு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதன் அடியில் வாஷர் வைத்து எர்த் வயரை முடுக்கினால் வெளியே ஒரு கீறலும் விழாது. கைப்பிடி வரை எல்லா உலோகப் பகுதிகளுக்கும் தொடர்பு கிடைக்கிறதா என்று மட்டும் அளந்து உறுதி செய்யுங்கள்.

இடையில் புகுந்த வயர்மேன் ஒருவர், திருப்பூர்: வீட்டில் மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கும்போது எர்த் எதற்கு ஐயா?

தொழில் தெரிந்த தாங்களே இப்படிக் கேட்கலாமா? எர்த் வயர் இருந்தால், உடலில் மின்சாரம் கசிந்த கணமே ஆர்.சி.சி.பி. அணைந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் அது கசிவை உணர ஒரே பாதைதான் உண்டு. இயந்திரத்தைத் தொடும் மனிதரின் உடல். இரண்டும் வேண்டும். ஒரு விலக்கு: சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருந்தால் அது இரட்டை மின்காப்புள்ள இயந்திரம், அதற்கு எர்த் தேவையில்லை, சேர்க்கவும் கூடாது.

மூன்றாம் முறையாக டொராண்டோ: அப்படியானால் 1936-இல் ஹென்றி டிரெய்ஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150-ஐயும் திருத்துவீர்களா?

ஓட்டுவதாக இருந்தால் திருத்துவேன். அவர் வடிவமைத்தது வெளித்தோற்றத்தை. அதை நான் தொடவில்லை. இந்த வாதத்தை இத்துடன் விடுவோம்.

நாகப்பட்டினத்திலிருந்து: கடல் காற்று வீசும் வீட்டில் எப்படிப் பத்திரப்படுத்துவது?

பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றுவதுதான் பலரும் செய்வது. உள்ளே வியர்த்து, குரோம் பூச்சின் அடியில் துருப் புள்ளிகள் எழும். பருத்தித் துணியால் போர்த்தி, தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி, காற்றோட்டமுள்ள உள்ளறையில் வையுங்கள். தூசிப் பையை முகமூடி அணிந்து, வீட்டுக்கு வெளியே காலி செய்யுங்கள். மிஞ்சிய தூசு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூச்சிக்கும் உணவாகும். தரைப் பிரஷ் உருளையில் இருப்பது விலங்கு ரோமமென்றால் அந்துப்பூச்சி தேடி வரும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து தனியே வையுங்கள். ரப்பர் பெல்ட்டையும் கழற்றுங்கள். இழுத்த நிலையிலேயே கிடந்தால் வெடித்து, இளகிப் புல்லியில் ஒட்டிக்கொள்ளும். வயரை இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையங்களாக மாட்டுங்கள்.

விழுப்புரத்திலிருந்து: பேக்லைட் மூடி வெளுத்துவிட்டது. சோடா கலந்த நீரில் ஊறவைக்கலாமா?

கூடாது. பேக்லைட்டில் மரத்தூள் கலந்திருப்பதால், மேற்பரப்பின் பளபளப்பு போன இடத்தில் அது நீரை உறிஞ்சும். ஈரத் துணியால் துடைத்து உலர்த்தி, கார் பாலிஷை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். முதலில் உட்புறத்தில் சோதியுங்கள்.

மதுரையிலிருந்து, மீண்டும்: தோராயமாகவாவது ஒரு விலை?

மெக்கர் அளவை எழுதி அனுப்புங்கள். வாங்குபவர் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.