கருப்பட்டி காபி, பீட்ரூட் ஜூஸ், பச்சை உடம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 'இதைச் சாப்பிடலாமா, கூடாதா' என்று கேட்பவை. ஆனால் எவ்வளவு, எதோடு, யாருக்கு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் நீளமாகவே எழுதியிருக்கிறேன். அது உடனே பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அப்பாவுக்கு ஏழு வருஷமாகச் சுகர். ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறி ஆறு மாதம் ஆகிறது. அப்படியும் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 180க்குக் கீழே வரவில்லை. ஏன் மேடம்?
*வாசகி, விருதுநகர்*

எத்தனை சப்பாத்தி, என்ன தொட்டுக்கொள்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு பெரியவர் இதே குறையோடு வந்தபோது, மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே டிபன் பாக்ஸில் எடுத்துவரச் சொன்னேன். திறந்தால் ஐந்து சப்பாத்தி, மேலே எண்ணெய் மிதக்கும் உருளைக்கிழங்கு குருமா. கோதுமை மாவு 30 கிராம் என்றாலும் அரிசி 30 கிராம் என்றாலும் ஏறத்தாழ 100 கலோரிதான். இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். அவர் சோற்றை விட்டாரே தவிர, மாவுச்சத்தை விடவில்லை.

அப்பாவுக்கு இரண்டு சப்பாத்தி போதும். தட்டில் பாதி இடத்தைக் காய்க்குக் கொடுங்கள். அவரைக்காய், கொத்தவரங்காய், புடலங்காய், கீரை, எது கிடைக்கிறதோ அது. கூடவே கெட்டிப் பருப்போ, சுண்டலோ, ஒரு முட்டையோ இருக்கட்டும். சப்பாத்தி பிடிக்கவில்லை என்றால் ஒரு சின்னக் கிண்ணம் சோறு இதே காயோடு சாப்பிடட்டும், தவறே இல்லை. வரகு, சாமைக்கும் இதே கணக்குதான். நார்ச்சத்து உண்டு, நல்லது. ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

இன்னொன்று. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு ராத்திரிச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. தூங்கும் நேரத்தில் கல்லீரலும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. ஆறு மாதமாக 180 என்றால் மருந்தை மறுபடி பார்க்க வேண்டும். டாக்டரிடம் அழைத்துப் போவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

வீட்டில் வெள்ளைச் சர்க்கரையே கிடையாது. உடன்குடிக் கருப்பட்டிதான். சுகர் உள்ளவர்களும் தாராளமாகக் குடிக்கலாம் என்கிறார்களே?
*வாசகர், தூத்துக்குடி*

தாராளமாகக் கூடாது. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் மிகப் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். தாதுச்சத்து கொஞ்சம் உண்டு, ஆனால் காபிக்குப் போடும் அளவில் அது கணக்கில் வராது. தேனுக்கும் இதே பதில். மணத்துக்காகவும் ருசிக்காகவும் கருப்பட்டி பிடிக்கும் என்றால், சுகர் இல்லாதவர்கள் ஒரு வேளைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு வயது மகளுக்கு ஹீமோகுளோபின் 9.2. மூன்று மாதமாகத் தினமும் பீட்ரூட் ஜூஸ், மாதுளை, பேரீச்சம்பழம் தருகிறேன். மறுபடி பார்த்ததில் 9.4 தான். மாத்திரை கொடுத்தால் சூடு என்று பயமாக இருக்கிறது.
*வாசகி, தர்மபுரி*

மூன்று மாதம் தினமும் தோல் சீவி, அரைத்து, வடிகட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த அக்கறைக்குப் பலன் கிடைக்கவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம். பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. உங்கள் மகள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் கறிக்கடையில் சுவரொட்டி கேட்டு வாங்குங்கள். ஆட்டு மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்கிறோம். ரத்தம் ஊறும் என்று அந்தக் காலத்திலிருந்து வீடுகளில் வதக்கிக் கொடுப்பது சரியான பழக்கம்தான். அதில் இரும்புச்சத்து மிக அதிகம், உடம்பும் அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். ஈரலும் நல்லது. சைவத்தில் கம்பு, முருங்கைக்கீரை, கொள்ளு, கறுப்புக் கொண்டைக்கடலை, எள். இவற்றிலிருக்கும் இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சும். அந்தப் பங்கைக் கூட்ட வைட்டமின் சி வேண்டும். சுண்டலில் இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். கீரைச் சோற்றுக்கு அப்புறம் ஒரு நெல்லிக்காயோ பாதிக் கொய்யாவோ கொடுங்கள்.

அப்புறம், டீ. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலிருக்கும் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காபிக்கும் இது பொருந்தும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இரண்டும் வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் டீயும் இரண்டு பிஸ்கட்டுமாக ஓடும் பெண்ணா உங்கள் மகள்? அந்த வயதில் நிறையப் பேர் அப்படித்தான். முதலில் காலைச் சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள்.

ஆனாலும் 9.4லிருந்து இருக்க வேண்டிய 12க்கு உணவு மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்காது. மாத்திரை தேவை. அது சூடு இல்லை. சிலருக்கு வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கல் வரும், மலம் கறுப்பாகப் போகும். கறுப்பைப் பார்த்து பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம், அது மாத்திரையின் நிறம்தான். பாலோடும் டீயோடும் விழுங்க வேண்டாம். ஹீமோகுளோபின் 12 வந்த பிறகும் உடம்பில் இருப்பு சேர ஏறத்தாழ மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா, குடற்புழு மாத்திரை கொடுத்து எத்தனை நாளாயிற்று என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓட்டை வாளியில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

சளி பிடித்த குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா?
*வாசகர், காரைக்கால்*

கொடுக்கலாம். சளி வைரஸால் வருகிறது, பழத்தால் இல்லை. காய்ச்சலும் சளியுமாக எதையும் சாப்பிட மறுக்கும் குழந்தை பழத்தை மட்டும் கேட்டால் மறுக்காதீர்கள்.

பிரஷர் இருப்பதால் இந்துப்புக்கு மாறிவிட்டேன். மரச்செக்கு எண்ணெய்தான், அதில் கொலஸ்ட்ராலும் இல்லை. இரண்டையும் இனி அளவு பார்க்காமல் சேர்க்கலாம்தானே?
*வாசகர், ஈரோடு*

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், என்ற வரம்பு எந்த உப்புக்கும் ஒன்றுதான். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் அந்த டீஸ்பூனுக்குள் அடக்கம். அயோடின் சேர்க்காத இந்துப்பு என்றால் வீட்டில் எல்லோருக்கும் அயோடினும் குறைகிறது. சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

கொலஸ்ட்ரால் என்பது விலங்குணவில் இருப்பது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எதிலும் அது பேருக்குக்கூட இருப்பதில்லை, செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும். ஆனால் எந்த எண்ணெயும் கிராமுக்கு 9 கலோரி. தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பும் மிக அதிகம், அது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். தலைக்கு மாதம் அரை லிட்டரிலிருந்து 700 மில்லிக்குள் நிறுத்தப் பாருங்கள். மாத முதல் தேதியில் அளந்து ஒரு தூக்கில் எடுத்து வைத்துவிட்டால், இருபதாம் தேதி வாக்கில் உங்களுக்கே கணக்குத் தெரிந்துவிடும்.

அக்காவுக்கு ஆபரேஷனில் குழந்தை பிறந்து ஒன்பது நாள். பச்சை உடம்பு என்று அம்மா ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் தருவதில்லை. குடித்தால் வயிறு பெருத்துவிடுமாம். பழம், கீரை எதுவும் கிடையாது. அக்கா அழுகிறாள். அம்மா பாசத்தில்தான் செய்கிறார், எப்படிச் சொல்வது?
*பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருவாரூர் மாவட்டம்*

இதைப் படிக்கும்போது என் தொண்டையே வறண்டது. என் முதல் பிரசவத்தில் எனக்கும் இதுதான் நடந்தது. அப்போது உணவியல் படித்து முடித்திருந்தேன். இருந்தும் அம்மாவை எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. நடுராத்திரி எழுந்து, சொம்பு தட்டும் சத்தம் கேட்டுவிடக்கூடாதென்று குடத்தை மெல்லச் சாய்த்து, கையில் ஏந்திக் குடித்தேன்.

வயிறு பெரிதாகத் தெரிவது தண்ணீரால் இல்லை. கர்ப்பத்தில் விரிந்த கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும், தளர்ந்த வயிற்றுத் தசை இறுக இன்னும் நாளாகும். குடிக்கும் தண்ணீர் வயிற்றில் தங்காது. ரத்தத்தில் கலந்து பாலாகவும் சிறுநீராகவும் போகும். பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கிய பிறகு தாயிடம் ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி ஊறும், அதில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். மூன்று டம்ளரில் அது எங்கிருந்து வரும்? தையல் போட்ட வயிற்றோடு மலச்சிக்கலில் முக்குவது கொடுமை. சிறுநீர் குறைந்தால் நீர்க்கடுப்பு வேறு.

பத்தியத்தில் நல்லதும் நிறைய இருக்கிறது. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், மீன், நேரத்துக்குச் சூடான சாப்பாடு, நாற்பது நாள் ஓய்வு, எல்லாம் இருக்கட்டும். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாகத் தேவை, வீட்டில் கவனித்துப் போடுவதால்தான் அது கிடைக்கிறது. சுறாப்புட்டு மட்டும் வேண்டாம், சுறாவில் பாதரசம் சேரும். நெத்திலி, மத்தி செய்து போடச் சொல்லுங்கள். கீரையும் பழமும் கண்டிப்பாக வேண்டும். தாய் ஆரஞ்சு சாப்பிடுவதால் பிள்ளைக்குச் சளி பிடித்துவிடாது. பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர்கூட. தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டும் வைக்காதீர்கள், பச்சைக் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அம்மாவிடம் வயிறு, கருப்பை என்று விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். 'பிள்ளைக்குப் பால் பத்தணும்மா' என்று சொல்லுங்கள், அது அவர் காதில் விழும். அவர் வைக்கும் சீரகத் தண்ணீரையே சற்றுப் பெரிய சொம்பில் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளை பால் குடிக்கும் ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரு டம்ளர் குடிக்கட்டும், அது போக எப்போது தாகமெடுத்தாலும் குடிக்கட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறாள் என்று அர்த்தம். தையல் பார்க்கப் போகும் அன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நர்ஸம்மா வாயால் அவர் நேரில் கேட்கட்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம். இதைப் படித்த கையோடு அக்காவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள்.